தோலில்லாத பெல்ட்

காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடம் கிளம்பும் முன், பத்ரிநாராயணன் மறுபடியும் படுத்துக்கொள்வார்.

தூங்க அல்ல. கூடத்துச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, வலது தொடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைப்பார். அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். அதைப் போட்டு அமுக்குவதில்லை. கையை வைத்தபடி மூச்சைத் தளரவிடுவார். சற்று நேரத்தில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போன பிறகுதான் பெல்ட். இடுப்பை வளைத்து வரும் எஃகு ஸ்பிரிங். அதன் நுனியில் தோல் போர்த்திய தட்டையான பேடு. பேடை அந்த இடத்தில் பொருத்தி, வாரை மாட்டி, எழுந்து நின்று ஒருமுறை இருமுவார். கைக்கு அடியில் ஒன்றும் முட்டவில்லையென்றால் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

லஸ் முனையில் இருந்த டாக்டர் அதற்குக் குடலிறக்கம் என்று பெயர் சொன்னது 1971-இல். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்.

"அப்பறம் பாரம் தூக்கலாமா?"

"என்ன பாரம்? நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

பத்ரிநாராயணன் விளக்கினார். டாக்டர் பேனாவை மூடினார்.

"கூடாது. ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. அதுக்கப்புறமும் நான் சம்மதிக்க மாட்டேன்."

"பண்ணிக்கலைன்னா?"

"பெல்ட் போட்டுக்கலாம். அது குணப்படுத்தாது, பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். படுத்து, உள்ளே போனப்புறம்தான் போடணும். வெளியே இருக்கறப்போ மேலே போட்டு இறுக்கினா குடல் மாட்டிக்கும். ராத்திரி கழட்டணும். என்னிக்காவது உள்ளே போகாம கல்லு மாதிரி நின்னுதுன்னா, வலி வாந்தின்னு வந்துதுன்னா, பெல்ட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பெல்ட் போட்டுண்டாலும் பாரம் கூடாது. அதையும் சொல்லிடறேன்."

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பத்ரிநாராயணன் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

அவர் மயிலாப்பூரில் ஒரு பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம்தாங்கி. உற்சவ நாட்களில் வாகனத்தைத் தோளில் சுமப்பவர்களுக்கு அந்தப் பெயர். கூலி வேலை அல்ல. பாங்கிலும் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து தோள் கொடுப்பார்கள். வாகனத்தைத் தாங்கும் தண்டுக்கு அடியில் யார் எங்கே நிற்பது என்பதை வயதோ படிப்போ தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கும். முன்தண்டில் இடப்பக்கம் பத்ரிநாராயணன், வலப்பக்கம் தேசிகன். இருவருக்கும் தோள் ஒரே மட்டம். நடையும் ஒன்று. இருவரும் இருபது வயதில் அங்கே நின்றவர்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் விலகினால் மற்றவரும் பின்னுக்குப் போகவேண்டியதுதான். மட்டம் பொருந்தாத ஜோடியை முன்னால் நிறுத்தினால் வாகனம் சாயும்.

தேசிகனிடம் அவர் வீக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெருமாளை ஏளப்பண்ணும்போது, அதாவது தோளில் எழுந்தருளச் செய்யும்போது, உடம்பில் தோல் இருக்கக்கூடாது. செருப்பு, மணிபர்ஸ், கைக்கடிகாரத்தின் வார் எல்லாம் வெளியே. இரண்டு வருஷமாக, புறப்பாட்டு நாட்களில் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய வேஷ்டியைக் கிழித்து வரிந்து கட்டிக்கொண்டு போனார். சின்னப் பல்லக்குகளுக்கு அது போதும் என்று தோன்றியது. கருட வாகனம் அப்படியல்ல. போன சித்திரையில் கருட சேவை முடிந்து வந்தவர், எலுமிச்சம்பழம் சாத்துக்குடி ஆகியிருந்ததைப் பார்த்தார்.

இந்த வருஷம் பங்குனியிலேயே ராயப்பேட்டையில் கரீமுல்லாவின் பட்டறைக்குப் போனார். முடவர்களுக்குக் கட்டைக்காலும் பெல்ட்டும் செய்கிறவர். அவர் மனைவி அஃப்சருன்னிசா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க ஐயரே. பேடு தேஞ்சு போச்சா?"

"ஐயர் இல்லைன்னு எத்தனை வாட்டி சொல்றது. ஐயங்கார்."

"அதான் ஐயரே, இன்னா விசயம்?"

"தோல் இல்லாம ஒண்ணு வேணும்."

"தோல் இல்லாமயா? ஸ்பிரிங்கு மேல இன்னாத்த சுத்தறது, வாழ இலையா?"

மிஷின் நின்றது. அஃப்சருன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கான்வாஸ் கீதே. ரெண்டு மடிப்பு போட்டா தாங்கும்" என்றாள்.

"வேர்வ பட்டா நழுவுமே." கரீமுல்லா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எதுக்கு ஐயரே? தோலு அரிக்குதா? ராத்திரி கழட்டிட்டு பவுடர் போடச் சொன்னேனே, போடுறியா?"

"போடறேன். பூஜைக்கு வேணும்."

"குந்திக்கினு பண்ற பூஜைக்கு பெல்ட்டு எதுக்கு?"

பத்ரிநாராயணன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். கரீமுல்லா அவரைச் சற்றுப் பார்த்தார். பிறகு அளவுநாடாவை எடுத்தார்.

"பேடை கொஞ்சம் குண்டாப் பண்ணிடுங்கோ. நன்னா அடைச்சுக்கும்."

"பாட்டிலா, கார்க்கு போட்டு அடைக்கறதுக்கு? குண்டா வெச்சா ஓட்டைக்குள்ள பூந்து ஓட்டைய பெருசாக்கிடும். தட்டையாத்தான் வெப்பேன். வேணாம்னா வேற ஆளப் பாரு."

பெல்ட் வந்தது. தூய வெள்ளைக் கான்வாஸ். உள்ளே எஃகு, பேடில் கம்பளி. ஒரு மாதம் வீட்டில் போட்டுப் பழகினார். தரையில் படுத்து அவர் அதை மாட்டுவதை விஜயலக்ஷ்மி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"தேசிகன்கிட்டயாவது சொல்லுங்கோ."

"சொன்னா அவன் என்னை நிக்க விடமாட்டான்."

"நிக்க வேண்டாம். பெருமாள் என்ன, பத்ரி தோள்ல ஏறினாத்தான் வெளியில வருவேன்னு அடம் பிடிக்கறாரா?"

"நான் பிடிக்கறேன்" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

கருட சேவை அன்று விடியற்காலை, குளித்து, ஈரம் துவட்டி, படுத்து, பெல்ட்டை மாட்டி, மேலே பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு போனார். முறையில் ஒரு குறையும் இல்லை. இருமிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. கோபுர வாசலில் தண்டுக்குத் தோள் கொடுக்கும்போது தேசிகனின் முழங்கை அவர் இடுப்பில் இடித்தது.

"என்னடா இது, தகரம் கட்டிண்டு வந்திருக்கே?"

"முதுகுவலி. பெல்ட்டு."

"பெல்ட்டா?"

"தோல் இல்லை. துணி."

"அதைக் கேக்கலைடா. முதுகுவலி எப்போலேர்ந்து? என்கிட்ட ஏன் சொல்லலை?" பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். வாகனம் எழுந்தது. "கிழவா, காலை எடுத்து வை" என்றான் தேசிகன்.

முதல் தெருவில் ஒன்றும் ஆகவில்லை. பத்ரிநாராயணனுக்குச் சந்தோஷமாக இருந்தது. குடை ஆடுவதைப் பார்க்க முடியாவிட்டாலும் அதன் நிழல் முன்னால் தரையில் ஆடியது. நாதஸ்வரத்துக்கு இருவரின் காலடியும் ஒன்றாக விழுந்தது. வேர்வை வழிந்தது. திருப்பத்தில் வாகனம் ஒரு பக்கம் கனத்தபோது அவர் மூச்சைப் பிடித்து நிமிர்த்தினார். பேடுக்கு அடியில் ஏதோ நழுவியது.

முதல் மண்டகப்படியில் தண்டுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். தீபாராதனைக்குக் கூட்டம் நெருங்கியது. அவர் ஓரமாக நகர்ந்து, கச்சத்தைச் சரிசெய்வதுபோல் கையை உள்ளே விட்டார். வெளியே வந்துவிட்டிருந்தது. பேடு மேலே ஏறிக் கிடந்தது.

படுக்க வேண்டும். அவ்வளவுதான். படுத்து, உள்ளே விட்டு, மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். தினமும் செய்கிற காரியம். அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லா வாசலிலும் தட்டோடு ஜனம். பெருமாள் நடுத்தெருவில் நிற்கிறார். எந்தக் கூடத்தில் போய் விழுந்தாலும் ஜனம் எட்டிப் பார்க்கும்; கால் பெருமாள் பக்கம் நீளும். ஏளப்பண்ணிக்கொண்டு வந்தவன், பெருமாள் நின்றுகொண்டிருக்கும்போது மல்லாந்து படுப்பதா?

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பேடைக் கீழே இழுத்து, வெளியே நின்றதன் மேலேயே வைத்து, வாரை இரண்டு துளை இறுக்கினார்.

செய்வது தப்பு என்று தெரிந்தது. கரும்பலகையில் ஒரு வரி தப்பாக விழுந்ததும் கை தானாக டஸ்டரைத் தேடும். இன்று அவர் அடுத்த வரிக்குப் போனார்.

வாகனம் மறுபடி எழுந்தபோது வலி தெரிந்தது. இதுவரை அவருக்கு அதனால் வலித்ததில்லை. கனமாக இருக்கும், இழுக்கும், அவ்வளவுதான். இது வேறு. அடிவயிற்றிலிருந்து தொப்புளுக்கு ஒரு கயிறு முறுக்கியதுபோல் இருந்தது. வாயில் உமிழ்நீர் ஊறியது. அடுத்த அடி வைத்தார், அதற்கடுத்ததும் வைத்தார். பிறகு வலது கால் பாதி தூரத்திலேயே தரையில் விழுந்தது.

தண்டு சரிந்தது. மேலே மணிகள் குலுங்கின. கூட்டத்திலிருந்து "ஆ" என்று ஒரு சத்தம்.

"அடி! அடியைப் பாரு!" பின்தண்டுக்காரர்கள் கத்தினார்கள்.

தேசிகன் தோளை உயர்த்தி, இரண்டு பேர் கனத்தை ஒருவனாகத் தாங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. "என்னடா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. வாகனம் நிமிர்ந்தது. பட்டர் மேலே எதையோ பிடித்துக்கொண்டு, "மெள்ள, மெள்ள" என்றார்.

தேரடி வளைவில் அடுத்த மண்டகப்படி. முட்டுக் கொடுத்ததும் பத்ரிநாராயணன் யாரிடமும் பேசாமல் எதிரே இருந்த பாத்திரக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், கற்பூரத் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"என்ன சாமி, இப்படி வேர்க்கு?"

"படுக்கணும். கொஞ்ச நேரம்."

"படுங்க. இதுல என்ன கேட்டுக்கிட்டு."

கடை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. உட்பக்கம் முழுக்க அண்டாக்கள். தலையை உள்ளே வைத்தால்தான் படுக்க முடியும். கால் தெருவைப் பார்க்கும். பத்ரிநாராயணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்ன சாமி?"

"கால் பெருமாள் பக்கம் வரது."

இசக்கிமுத்து தெருவைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகினார்.

"சாமி வாசல்ல நிக்கையில கடையச் சாத்துனவன்னு ஊர்ல எனக்கு நல்ல பேருதான். இப்பம் சுவர்தான் இருக்கு. நீட்டுங்க."

இருட்டில் படுத்தார். முதலில் வாரைத் தளர்த்தினார். பெல்ட்டைக் கழற்றி எறிந்தார். கையை வைத்தார். கல் மாதிரி இருந்தது. டாக்டர் சொன்ன கல் இதுதானா என்று நினைத்தார். அமுக்கவில்லை. முழங்காலை மடக்கினார். இடுப்புக்குக் கீழே ஒரு சாக்கை மடித்து வைக்கச் சொன்னார்.

"டாக்சி பிடிக்கட்டுமா? ஆஸ்பத்திரி பக்கந்தான்."

"கொஞ்சம் பாப்போம். வாந்தி வந்தா உடனே கூப்பிடுங்கோ."

வெளியே பாசுரம் சொல்லும் குரல்கள் கேட்டன. பலகை இடுக்கில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. மூச்சை விட்டார். தண்டு சரிந்த கணம் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு வருஷமாக இதைத் தன் உடம்பு, தன் வலி என்றே நினைத்திருந்தார். அது சரிந்தபோது தோளைக் கொடுத்தது தேசிகன். அவனுக்கு எதைத் தாங்குகிறோம் என்றுகூடத் தெரியாது.

கல் இளகியது. முதலில் ஓரம். பிறகு வழுக்கிக்கொண்டு, வழக்கம்போல், உள்ளே போயிற்று. வலி நின்றது. அவருக்குக் கண் கலங்கியது.

படுத்தபடியே பெல்ட்டை எடுத்து மாட்டினார். எழுந்தார். இருமினார். முட்டவில்லை. வெள்ளைக் கான்வாஸ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இப்போது போனால் இன்னும் இரண்டு தெருதான்.

இசக்கிமுத்து ஒரு பலகையை எடுத்தார். அந்த இடைவெளியில் தேசிகன் தலையை நுழைத்தான். முகமெல்லாம் வேர்வை.

"இங்கயா இருக்கே? புறப்பட்டாச்சு. வா."

பத்ரிநாராயணன் நகரவில்லை. "முதுகுவலி இல்லைடா. குடலிறக்கம். ரெண்டு வருஷமா இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கணும்."

தேசிகன் அவர் இடுப்பைப் பார்த்தான்.

"பண்ணிண்டா?"

"அப்பறம் தோள் கொடுக்க முடியாது. இன்னிக்கும் முடியாது. நேரா டாக்டர்கிட்ட போறேன்."

வெளியே மேளம் தட்டிப் பார்த்தார்கள். யாரோ இருவரின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். தேசிகன் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் தண்டு அழுந்திய சிவப்பைக் கையால் தேய்த்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமா நான் பக்கத்துலதானேடா நின்னேன்? என்ன பண்ணிடுவேன்னு பயந்தே?"