அஞ்சாவது புறா

ஒச்சாண்டி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தராசை நம்ப மாட்டார்; தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்ப மாட்டார். யுத்தம் வந்து சீனிக்கு ரேஷன் அட்டை போட்ட வருஷம், பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நீங்க கருப்பட்டிக் காப்பிதான குடிக்கிறீக. உங்க பங்குச் சீனியக் குடுத்தா கிறிஸ்மஸுக்கு பிஸ்கோத்து சுட்டுருவேன்."

"சுடுவியா, விப்பியா?"

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கங்க."

போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் புருஷன் சவரிமுத்து, மலைத் தோட்டத்து பங்களாவில் சமையல்காரன். பட்டாளத்துக்குச் சமைக்கப் போனவன் பர்மாவில் காணாமல் போனான். ஆளைக் காணவில்லை என்று ஒரு காயிதம் வந்ததோடு சரி. அதுக்கும் ஒன்றரை வருஷம் ஆச்சு. மார்க்கையன்கோட்டை ஊரில் எல்லாரும் அவன் கதையை முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் தாலியைக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாவு, வெண்ணெய், முட்டை, சீனி எல்லாம் போட்டுப் பிசைந்தாள். சவரிமுத்து டின் தகரத்தை வளைத்துச் செய்த புறா அச்சால் வெட்டினாள். அடியில் மணல் பரப்பின சட்டிக்குள் வைத்து மூடி, மூடி மேலேயும் தணலை அள்ளிப் போட்டாள். வெந்து ஆறினதும், மிச்சச் சீனியை நைசாகப் பொடித்து வெள்ளைக்கருவோடு அடித்து, காயிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, புறா முதுகில் ஆளுக்கொரு எழுத்தாகப் பிழிந்தாள்.

"இது என்னத்த?"

"உங்க பேரு. ஒ."

"படிக்காதவன்னு வேற எதையும் எழுதிராத."

"கழுதைன்னு எழுத இடம் பத்தாது பெரியப்பா."

அவர் சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார். "நீ, ரெண்டு பிள்ளைக, நானு. நாலு. அஞ்சாவது யாருக்கு?"

"அவுகளுக்கு" என்றாள். "வருசா வருசம் போடுறதுதான்."

ஒச்சாண்டி தன் புறாவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். விடிந்தால் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வர சாமிக்கு விரதம்; முட்டை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தின்னலாம் என்று பானைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு கிறிஸ்மஸ் பூசைக்கு மாதா கோயிலுக்குக் கிளம்பினவள், "சன்னல்ல புறா காயுது. பூனை வராமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த அஞ்சாவது புறா தனியாக இருந்தது. பாவம், இவ வேதக்காரி, இவளுக்கு முறை தெரியவில்லை என்று நினைத்தார். போன ஆளுக்கென்று செய்ததை வீட்டில் வைத்திருந்தால் அவன் எப்படிப் பசியாறுவான்? அதை எடுத்து நாலாக உடைத்து, கூரை ஓட்டு மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். உடனே வந்தது காக்கா. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது காக்கா கடைசித் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. சன்னலைப் பார்த்தாள். ஓட்டைப் பார்த்தாள்.

"செத்தவுகளுக்குத்தான நீங்க காக்காய்க்கு வைப்பீக?"

"ஆமா ஆத்தா. அவனுக்குத்தான்..."

"அவுக செத்துட்டாகன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஒச்சாண்டி யோசித்துப் பார்த்தார். யார் சொன்னது? டீக்கடையில் சொன்னார்கள். களத்தில் சொன்னார்கள். தேங்காய் விலையைச் சொன்னால்கூட அவர் நம்பாத அதே பயல்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு மனுசனையே காக்காய்க்குப் போட்டுவிட்டார்.

அவள் அழவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

வீட்டுக்குப் போனார். பானையிலிருந்த புறாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"எழுத்த மாத்து."

"இது உங்களது."

"எனக்குப் பல்லு இல்ல. மாத்து."

அவள் கத்தி முனையால் ஒ-வைச் சுரண்டினாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்த சீனிக் குழம்பைச் சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி, விரல் நுனியால் ச எழுதினாள். கோணலாகத்தான் வந்தது.

"இனி எந்தக் காயிதம் வந்தாலும் என்கிட்ட காட்டாத" என்றார் ஒச்சாண்டி. "நான் நம்ப மாட்டேன். அவனே வந்து நின்னாத்தான்."

அவள் புறாவைத் தகர டப்பாவில் வைத்து மூடினாள். அவர் அதை வாங்கி மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"தட்டுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள வையி. எறும்ப நம்ப முடியாது."