தீப்பொறி பட்ட புண்

அம்மாவின் இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்ததுமே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளமே.

"இஸ்திரிப் பெட்டியிலேர்ந்து பொறி தெறிச்சிருக்கும்டி. எனக்கென்ன இது புதுசா?" என்றாள். காய்ச்சலில் அவள் உதடு வெடித்திருந்தது.

"பொறி பட்டா எரியணுமே. எரிஞ்சுதா?"

"எத்தனை பொறிக்குத்தான் எரியும்? தோலும் அலுத்துப்போயிருக்கும்."

எரிந்திருக்காது. உண்ணி கடித்த இடம் பெரும்பாலும் வலிப்பதில்லை. சுற்றிலும் சிவந்து, நடுவில் கரித்துண்டை ஒட்டவைத்ததுபோல இருக்கும். நான் வேலை பார்ப்பது உண்ணிகளுக்குள் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிற ஆய்வகத்தில். காட்டோரப் புல்லில் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு நடப்போம். அதில் தொற்றுவதை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவோம். அங்கே ஆடு மேய்ப்பவர்களின் நாய்கள் சில மாதங்களாகச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தன. அவற்றின் ரத்தத்தில் இதுவரை பார்க்காத ஒரு பாக்டீரியா இருந்தது. மனிதர்களிடம் அதை யாரும் கண்டதில்லை.

காட்டுக்குப் போட்டுப்போன துணி ஆய்வகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அங்கேயே சூட்டு இயந்திரத்தில் போட்டு உலர்த்த வேண்டும். சும்மா துவைத்தால் உண்ணி சாகாது. ஆனால் அந்த இயந்திரத்திலிருந்து வரும் கால்சட்டை மாடு மென்று துப்பியதுபோல இருக்கும். என்னோடு வேலை செய்பவர்களுக்கு அப்பா டாக்டர், அம்மா பேராசிரியை. அவர்கள் கசங்கினால் அது ஸ்டைல். நான் கசங்கினால் இஸ்திரிக்காரி மகள். அதனால் என் கால்சட்டையை அம்மாவின் துணி மூட்டையில் திணித்துவிடுவேன். அந்த மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் அவள் கடைக்குப் போவாள். "என்னடி இழவு, இவ்வளவு புல்லு ஒட்டியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். "சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். ஊரான் நாய்க்கெல்லாம் உண்ணியைப் பற்றி வகுப்பெடுத்தவள், பெற்றவளுக்குச் சொன்ன பாடம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில் வைத்து காடு, கால்சட்டை, விதி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

இளவயது டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். "வைரல் ஃபீவர்தான். நிறைய தண்ணி குடிங்க."

"டாக்டர், இடுப்புல ஒரு பொருக்கு இருக்கு. பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "புல்லு, காடுன்னு எங்கயாவது போனீங்களாம்மா? வீட்டுல நாய், ஆடு ஏதும் உண்டா?"

நான் வாயைத் திறந்தேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். விதியை மீறியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆத்தோரத்துப் பூங்காவுல படுத்துத் தூங்கினேன் டாக்டர். வெயில் தாங்கல. புல்லு மெத்துமெத்துன்னு இருந்துச்சு."

பச்சைப் பொய். இமைகூட அசையவில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவளைக் கடிந்துகொண்டு, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தார். சரியான மருந்து. பொய்யைச் சொல்லி வாங்கினாலும் மருந்து வேலை செய்தது, காய்ச்சல் இறங்கியது. அம்மா எழுந்து உட்கார்ந்து என் சமையலைத் திட்டும் அளவுக்குத் தேறினாள். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். பிழைத்தது அவள். நான் தப்பித்திருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஆய்வகத் தலைவி போன் செய்தார். நாங்கள் அவரை 'உண்ணி மேடம்' என்போம், பிடித்தால் விடமாட்டார்.

"நாய்கள்ல பார்த்த அதே கிருமி, இப்ப ஒரு மனுஷ ரத்தத்துல! ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. அந்தம்மா ஆத்தோரத்துப் பூங்காவுல படுத்தாங்களாம். காட்டு வேலையை நிறுத்திட்டு எல்லாரும் பூங்காவுக்கு வாங்க."

காட்டோரத்தில் ஆடு மேய்க்கும் அக்கா என்னை ஒவ்வொரு முறையும் தன் பக்கத்தில் புல்லில் உட்காரச் சொல்வாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் இடுப்பைப் பார்க்கப்போவதில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

"மேடம், பூங்கா இல்ல."

"என்ன இல்ல?"

"அது எங்கம்மா. அவங்க பூங்காவுக்கே போகல. என் காட்டுக் கால்சட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுலேர்ந்து வந்தது. ஆடு மேய்க்கிறவங்களுக்கு இன்னைக்கே சொல்லியாகணும்."

"நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் மேடம்."

"ஆடு மேய்க்கிறவங்ககிட்ட நான் போறேன். நீ நாளைக்கு ஆபீசுக்கு வந்து என்னைப் பாரு. காட்டுப் பக்கம் வராதே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? நான் டாக்டர்கிட்ட வெட்கத்தை விட்டுப் பொய் சொன்னேனே, எதுக்கு? உன்னைப் படிக்கவைக்க நான் கரியில வெந்தேனே, அது எதுக்கு?"

"அங்க இருக்கிறவங்க செத்துப்போவாங்கம்மா."

"நான் சாகக் கிடந்தப்ப வராத வாய், ஊருக்குன்னா மட்டும் வருதோ?"

அவள் கேட்டதில் தப்பில்லை.

மாத்திரை வேளை ஆகியிருந்தது. எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. "அங்க வை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வைத்தேன். நான் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கும் சத்தம் கேட்டது.