சந்திரனில் அப்புத்துரையின் மாடுகள்

சென்னையில் படத்தொழில் பழகிவிட்டு வந்த பரராசசிங்கம், விஞ்ஞான நாவல்களை மட்டுமே பேசும்படமாக எடுப்பதென்று ஒரு கொம்பனி தொடங்கினார். முதல் நாவலில் மூன்று பேர் சந்திரனுக்குப் போகிறார்கள். சந்திரனுக்கு இடம் தேடி அலைந்தவர், நெடுந்தீவின் மேற்குக் கரையில் வெள்ளைக் கல் வெளியைக் கண்டதும் அங்கேயே கூடாரம் அடித்துவிட்டார். ஒரேயொரு தொல்லை, அங்கே மாடுகள் மேய்ந்தன. நாவலின்படி சந்திரனில் உயிரோடு இருப்பவன் அதன் அரசன் ஒருவன்தான்.

மாடுகள் அப்புத்துரையுடையவை. படம் முடியும்வரை அவற்றைக் கண்ணில் படாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பென்று பேச்சாயிற்று. அவரும் தூரத்துக் கல்வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். வினை அங்கேதான் பிடித்தது.

அரசனாக நடிக்க வந்தவர் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் வரும்போதே கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்துக் களைத்து, பாயைவிட்டு எழும்ப மறுத்துவிட்டார். பரராசசிங்கத்தின் கண் நெடுநெடுவென்று நின்ற அப்புத்துரையில் விழுந்தது.

"எனக்கு உது ஏலாது ஐயா. நான் கூத்திலகூட ஏறினதில்லை."

"நீர் நடிக்க வேண்டாம். சும்மா நிண்டாலே காணும். ஒருக்கா மட்டும் சந்திர பாஷையில ஏதாவது சத்தமாச் சொல்லும்."

உச்சி முதல் பாதம்வரை வெள்ளிப் பூச்சுப் பூசினார்கள். சோறு கொண்டுவந்த மனைவி செல்லாச்சி, அவரிடமே வந்து அவர் எங்கே என்று விசாரித்தாள்.

தகரத்தில் செய்த விண்கப்பல் தயாராயிற்று. கதாநாயகன் இறங்கி வணங்கினான். கமெரா சுழன்றது. அப்புத்துரை வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. சந்திர பாஷை எப்படியிருக்குமென்று யாருக்குத் தெரியும்? பரராசசிங்கம் கையைக் கையை ஆட்டவும், பதற்றத்தில் அடிவயிற்றிலிருந்து எழும்பியது தினமும் பின்னேரம் மாடுகளைக் கூப்பிடும் அந்த நீண்ட கூவல்தான்.

மாடுகள் கல்வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தன. கதாநாயகன் விண்கப்பலுக்குள் பாய்ந்தான். ஒரு நாம்பன் காளை அதில் முதுகைத் தேய்க்க, கப்பல் கதாநாயகனோடு சரிந்தது. மற்றவை அரசனைச் சூழ்ந்து வெள்ளிப் பூச்சை நக்க, அவர், பூச்சு மாடுகளின் வயிற்றுக்குள் போய்விடுமே என்று பயந்து ஒவ்வொன்றின் முகத்தையும் தள்ளிக்கொண்டு நின்றார். கமெராக்காரன் நிறுத்தவேயில்லை.

நாவலாசிரியருக்கு என்ன சமாதானம் சொன்னார்களோ, படத்தில் மாடுகள் சந்திரனின் சேனையாகிவிட்டன.

யாழ்ப்பாணத்தில் படம் காட்டியபோது தீவுச் சனம் வள்ளம் வள்ளமாகப் போயிற்று. சேனை ஓடிவந்ததும் ஒவ்வொரு மாட்டையும் பெயர்சொல்லிக் கூப்பிட்டார்கள். பட்டணத்துச் சனம் அதட்டியும் அடங்கவில்லை. அப்புத்துரை மட்டும் தம்மை அவ்வளவு பெரிதாகக் காணக் கூச்சப்பட்டு, கடைசிவரை தலை நிமிரவில்லை.

திரும்பும்போது வள்ளத்தில் மெதுவாகக் கேட்டார்:

"நான் எப்பிடி நிண்டனான்?"



"வடிவாத்தான் நிண்டனீங்கள்," என்றாள் செல்லாச்சி. "பக்கத்தில இருந்த மனிசி, ஆர் உந்த ராசா எண்டு கேட்டவ. என்ரை மனிசன் எண்டு சொன்னனான். அவ நம்பேல்லை."