தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சம்மன்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. நீதிமன்ற வராந்தாவில் வேறு வேலையாகக் காத்திருந்தேன். வீடுவீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் ஒருத்தி டீயை ஆற்றியபடி தோழியிடம் சொன்னாள்: "ஆள் இல்லைன்னு சொல்ற வீட்லதான் ஃபேன் ஓடிக்கிட்டிருக்கும்." அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'வானம் மேகமூட்டமாக இருந்த ஒரு...'

(வேண்டாம். சம்மன் கொடுக்க வானம் எதற்கு?)

அவள் அந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாம் முறை. சம்மன் வாங்க வேண்டியவனுடைய அக்காதான் கதவைத் திறந்தாள்.

"தம்பி ஊர்ல இல்லம்மா." சொன்னவள் தரையைப் பார்த்தாள். அங்கே தம்பியின் செருப்பு கிடந்தது.

இதே தெருவில்தான் சம்மன்காரியும் வளர்ந்தாள். அவனோடு கண்ணாமூச்சி ஆடும்போது அவள் முகம் புதைத்து எண்ணிய மதில் அப்படியே இருந்தது. அன்று தலைக்கு மேல் நின்றது, இப்போது மார்பளவுதான். எண்ணி முடித்துத் திரும்பினால் தெருவே காலியாக இருக்கும். இன்றும் அப்படித்தான் இருந்தது.

(கூட விளையாடியவனுக்கு இவளே சம்மன் கொடுக்கலாமா? ஒரு குமாஸ்தாவிடம் கேட்டேன். "பழகினவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னா சின்ன ஊர்ல யாருக்குமே கொடுக்க முடியாது சார்" என்றார்.)

3

சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் சட்டப்படி அவள் வேலை முடிந்தது. முதலில் அப்படித்தான் எழுதினேன். கதை இரண்டே பத்தியில் மூச்சை விட்டுவிட்டது.

ஒட்டினால் அவன் படிக்காமலே கிழித்துப் போடுவான். பிரிந்துபோன மனைவி, மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டுப் போட்ட வழக்கு அது. அவன் வராமலே முடிந்துவிடும்.

"மாடிக்குப் போய்ப் பாக்கட்டுமாக்கா?"

அக்கா வழிவிட்டு நகர்ந்தாள்.

4

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"சுண்டு... நீயா?"

அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட இப்போது வேறு யாரும் இல்லை. காகிதத்தை நீட்டினாள்.

"வாங்கலைன்னா கேஸே நடக்காதாமே?"

"எந்தப் புண்ணியவான் சொன்னான்? நீ இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவாங்கடா. பாப்பா யார்கிட்ட இருக்கணும்னு உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"நீயும் அவ பக்கமா?"

"நான் யார் பக்கமும் இல்ல. கையெழுத்துப் போடு."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அவள் படியிறங்கும்போது மேலிருந்து கேட்டான்: "கோர்ட்டுக்கு வரும்போது நல்ல சட்டையா போட்டுக்கணுமா?"

"துவைச்சது போதும்."

5

மகள் அப்பாவிடமே இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அம்மாவோடு போவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த அம்மாவை நான் பார்க்கவே இல்லை, அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. எந்த முகத்தோடு தீர்ப்புச் சொல்வது?

தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள். ஒன்றே ஒன்று: எழுதுமுன் தலைநிமிர்ந்து பாருங்கள். துவைத்த சட்டையில், நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில், அவன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.