வாலில் பூசிய நீலம்

எழுபத்தொரு மணித்தியாலங்கள் ஊரடங்கு. அது தளர்ந்த காலை தன்னாமுனையிலிருந்து சைக்கிளில் செங்கலடிக்குப் போய் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். இரண்டாம் கூட்டில் பன்னிரண்டு எலிகளும் செத்துக் கிடந்தன. தண்ணீர்ப் போத்தல் காய்ந்திருந்தது. முதலாம் கூடு அங்கே இல்லை. ஊரடங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் கலாநிதி நல்லரத்தினம் அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"மற்றக் கூடு, சேர்?" என்று அவருடைய அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அதுக்கு நாம சாறு குடுக்கல்லயே புள்ள. ஒண்டும் குடுக்காததுக்கு என்ன நடக்கப் போகுது?"

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் தலைக்கு மேல் வெளிநாட்டுப் பட்டம் சட்டம் போட்டுத் தொங்கியது.

ஆராய்ச்சி எளிமையானது. இரண்டு தாய் எலிகளின் குட்டிகளைப் பாதி பாதியாகப் பிரித்திருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே இனிப்புத் தீனி. முதலாம் கூட்டுக்கு மட்டும் நீரிழிவுக்குக் கொடுக்கும் குறிஞ்சா இலைச் சாறு. கூடப்பிறந்தவை என்பதால், இரத்தச் சீனியில் வித்தியாசம் வந்தால் அது இலையால் வந்தது என்று சொல்லலாம். கூடப்பிறந்தவை இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது. எந்தத் தாயின் குட்டி என்று தெரிய வாலில் மை பூசுவோம். ஒரு தாய்க்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தில் பன்னிரண்டு வெள்ளெலிகள் வந்தன. கிழடுகள். வயிறு நிலத்தில் தேய நடந்தன. சேர் மேசையில் பத்திரிகையை விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே வால்களுக்கு மை பூசி இரண்டாம் கூட்டில் விட்டார். வால் நீலமானதும் எலி தம்பியாகிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். நம்பாமல் செய்திருந்தால் கொஞ்சமாவது மரியாதை வந்திருக்கும்.

"இது வெளியில கதைக்கிற கதையில்ல" என்றார். "உங்கட வேலையும் தற்காலிகம்தானே."

அந்த எச்சரிக்கை வீண். நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொழுத்த கிழடுகளுக்குச் சீனி கூடியிருந்தது. எங்கள் இளசுகளுக்குக் குறைந்திருந்தது. சேர் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொண்டாடினார்.

"அடுத்த பட்டமளிப்புக்கு எலிக்கும் தொப்பி தைக்கணும், சேர்" என்றார் கிளார்க் இராசதுரை. எல்லோரும் சிரித்தார்கள். சேர் அதிக நேரம் சிரித்தார்.

அறிக்கையை டைப் அடித்த ஏறாவூர் நஸீறா சிரிக்கவில்லை. அவளுடைய தங்கை ஸகியாவுக்குப் பதினாலு வயது. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். சோதனைச்சாவடி தாண்டி மருந்து வருவதே அருமை. வந்ததைச் சூடு படாமல் ஈர மணலில் புதைத்த சட்டியில் வைத்திருந்தார்கள்.

"சேர், தங்கச்சிக்கும் இந்தச் சாறு சரிவருமா?"

"ஏன் வராது? ஊசிய விட்டுப்போட்டு இதக் குடுங்க" என்றார் சேர், வாய் நிறைய ரோல்ஸுடன்.

"ஊசி இல்லாமலா, சேர்?"

"ஒரு தாய்ர புள்ளைகள். ஒண்டுக்குக் குடுத்தம், ஒண்டுக்குக் குடுக்கல்ல. நீங்கதானே டைப் அடிச்ச? இன்னும் என்ன நிரூபிக்கணும்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். "ஊசியக் கண்டாலே அழுவாள். இண்டைக்கே நிப்பாட்டுறன்."

சேர் தாராளமாக ஒரு கட்டு இலையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பையில் வைத்தாள். ஊசி நின்றால் ஸகியா ஒரு கிழமை தாங்கமாட்டாள். ஏறாவூர் பஸ்ஸுக்கு நஸீறா எழுந்தாள். நானும் எழுந்தேன்.

"ஊசிய நிப்பாட்டாதீங்க."

"என்ன புஸ்பம்? கேக்கல்ல" என்றாள் நஸீறா.

சேருக்குக் கேட்டிருந்தது. "புள்ளைக்கு ஊரடங்குக்குள்ள இருந்து மண்டை காஞ்சு போச்சு" என்று இராசதுரையைப் பார்த்துக் கண்ணடித்தார். "இரிகா, ரோல்ஸ் தின்னு" என்று எனக்குக் கதிரையைக் காட்டினார்.

அவருடைய மீசையில் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது. இந்த மனிதருக்கா இவ்வளவு நாளும் பயந்தேன்?

"ரெண்டாம் கூட்டு எலியெல்லாம் தண்ணியில்லாமச் செத்துப் போச்சு, நஸீறா" என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "நீங்க டைப் அடிச்சது கொழும்பால வந்த வேற எலிகள்ர கணக்கு. வாலுக்கு மை பூசினது சேர்தான்."