பதினேழாம் பாடத்தின் மஞ்சள் வட்டம்

என் மனைவி லவினா இறந்து நாற்பத்தொன்றாம் நாள் ஜாய் போன் செய்தார். அவள் வேலை பார்த்த பெங்களூர் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தின் பொறுப்பாளர்.

"இவான் சார், கேக்கவே கஷ்டமா இருக்கு. பதினேழாம் பாடம் மட்டும் வரல. சனிக்கிழமை பரீட்சை."

"பாக்கறேன்" என்றேன்.

லவினா, மைசூர் மைன்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே தமிழில் வீடியோ பாடம் எடுத்தாள். அதற்கென்று ஒரு மென்பொருள் வைத்திருந்தாள். மவுஸ் அம்பைச் சுற்றி மஞ்சள் வட்டம் வரும். கிளிக் செய்தால் சிவக்கும். எந்தக் கீயை அழுத்தினாலும் அதன் பெயர் திரையின் அடியில் பெரிதாகத் தெரியும். "கடைசி பெஞ்சுக்காரிக்கும் என் விரல் தெரியணும்" என்பாள்.

முதலில் திரையை மட்டும் பதிவு செய்வாள். குரல் பிறகு. நடுவில் யாராவது கூப்பிட்டால் வரிசை தவறிவிடும். அதனால் பழைய கம்பெனி ஐடி கார்டைக் கதவில் மாட்டுவாள். கார்டு தொங்கினால் கதவைத் தொடக்கூடாது. நான் தொட்டதே இல்லை. "உங்களை நம்பி பேங்க்கையே பூட்டாம போலாம்" என்று சிரிப்பாள்.

அவள் மயங்கி விழுந்த அன்றும் தொடவில்லை. பதினொன்றேகாலுக்குத்தான் திறந்தேன். மேசைமேல் சாய்ந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு மயங்கினாங்க?" எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வழி அவளுடைய லேப்டாப்பில் இருந்தது. அதை நான் திறக்கவில்லை.

"அனுப்பிடுங்க மாப்ள" என்றார் எங்களோடு இருக்கும் அத்தை, லவினாவின் அம்மா பாக்கியவதி. "அவளை நம்பி புள்ளைங்க ஒக்காந்துனு இருக்குதுங்க. அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு?"

திறந்தேன்.

லேப்டாப்பில் அன்றைய பதிவு அப்படியே இருந்தது. ஒரே கடிதத்தைப் பல பேருக்கு அனுப்பும் பாடம். மஞ்சள் வட்டம் நிதானமாக நகர்ந்தது. பாடம் முடிந்தது. கடைசியாகச் சேமித்தாள். திரையின் மூலையில் மணி 10:47.

வட்டம் நடுங்கியது. சரிந்து ஓரத்துக்குப் போய் நின்றது. அடியில் ஒரு சொல் வந்தது. என்டர். அது மறையவில்லை. அவள் கை அந்தக் கீயின்மேல் விழுந்திருக்க வேண்டும். கடிதத்துக்குக் கீழே வெற்றுப் பக்கங்கள் ஓடத் தொடங்கின. நாற்பது. தொண்ணூறு. இருநூறு.

10:52. மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்த அவள் எப்போதும் மறப்பாள்.

'டீ ரெடி. ஆறுது.'

நான் அனுப்பியது. கதவுக்கு வெளியே டம்ளரோடு நின்று அனுப்பினேன். பதில் வரவில்லை. கார்டைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டேன்.

பக்கங்கள் ஆயிரத்தைத் தாண்டியும் ஓடின.

10:47 வரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். குரல் வேண்டும். கார்டைக் கதவில் மாட்டினேன், அவள் பழக்கப்படி. அவள் வட்டம் போகும் இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

பாதியில் கதவு திறந்தது. அத்தை.

"கார்டு தொங்குது, அத்தை."

"தெரியுது."

"பத்து நாப்பத்தேழு" என்றேன். "நான் டீயோட நின்னது பத்து அம்பத்திரண்டு."



"அன்னிக்கு துணி காயப்போட இந்தப் பக்கமா ரெண்டு தடவை போனேன்" என்றார். "நானும்தான் கார்டைப் பாத்தேன்."

கார்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இனிமே இந்த ஊட்ல எந்தக் கதவுலயும் இது தொங்கக் கூடாது. பேசுங்க, நான் அடுப்பாண்ட இருக்கேன்."

கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் போனார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

பதினேழாம் பாடத்தின் பின்பாதியில் மூன்று குக்கர் விசில் கேட்கும். நான் அவற்றை வெட்டவில்லை.