நனைத்து அளந்த குதிரை

வண்டிக்காரரின் மூன்று வயதுக் குதிரை முதல் மழையில் ஆறு அங்குலம் சுருங்கியது. மழையே காணாத ஊரிலிருந்து வெயில் மாதத்தில் வாங்கிய குதிரை என்பதால் யாருக்கும் இது முன்பே தெரிந்திருக்கவில்லை. பாலத்தின் நடுவே தூறல் பிடித்ததும் வார்கள் தளர்ந்தன, கழுத்துப்பட்டை காது வழியாக நழுவியது, குதிரை எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்து வீட்டைப் பார்த்து ஓடிவிட்டது. வண்டிக்காரர் வெறும் கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரையில்லாத வண்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகும் பழைய உயரம் திரும்பவில்லை. அடுத்த மழை நான்கு அங்குலம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே குதிரை முன்னறைக்குள் புகுந்து, வண்டிக்காரரின் மனைவி துணி தைக்கும் மேசைக்கு அடியில் தலையை நுழைத்து நிற்கும். இழுத்தால் உதைக்கும். அப்படித்தான் மேசைக்கு ஒரு கால் போயிற்று.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவம் அடைமழையில்தான் வரும். மருத்துவச்சி இருந்ததோ ஆற்றுக்கு அக்கரையில்; முழங்கால் வலிக்காரர், வண்டி போனால்தான் வருவார். முதல் பிள்ளையின்போது வாடகை வண்டி கிடைக்கத் தாமதமாகி, பிள்ளை தங்கவில்லை. குதிரை வாங்கியதே அதனால்தான். வண்டிக்காரர் அதற்குத் தார்ப்பாய் போர்த்திப் பார்த்தார், எண்ணெய் பூசிப் பார்த்தார். கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்து, "தீனி குறையலைல்ல? அப்ப இது நோயில்லப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்க்கடை முடிதிருத்துபவருக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. "கழுதை தேஞ்சா கட்டெறும்பு. குதிரை தேஞ்சா என்னண்ணே ஆகும்?" என்று தினமும் கேட்டார்.

ஒரு காலை மனைவி கையில் அளவு நாடாவோடு கொல்லைக்கு வந்தார். "புதுத் துணிய நனைக்காமலே தைச்சுட்டு, சுருங்கிடுச்சுன்னு துணிய திட்டுவாங்களா?"

"அது குதிரைம்மா," என்றார் வண்டிக்காரர்.

"நனைக்காத குதிரை."

முதல் நாள் ஈரத் துணியால் ஒரு குளம்பை மட்டும் தொட்டார். குதிரை நடுங்கியது. அது காலைத் தூக்குமுன் துணியை எடுத்துவிட்டு, ஒரு பிடி கொள்ளு கொடுத்தார். மறுநாள் முழங்கால், பிறகு வயிறு, முதுகு, கடைசியில் தலையோடு ஒரு வாளி. ஒவ்வொரு நாளும் கதவு நிலையில் சாக்குக்கட்டியால் உயரத்தைக் குறித்தார். மூன்று அங்குலம் குறைந்தது. பிறகு இரண்டு, ஒன்றரை, ஒன்று, அரை. முப்பத்தெட்டு அங்குலத்தில் கோடு நின்றுவிட்டது. ஒன்பது நாள் வாளி வாளியாக ஊற்றியும் நகரவில்லை. இனிக் குறைய ஒன்றுமில்லை என்பது குதிரைக்கே தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் நாள் தானாகவே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றது. வலு மட்டும் குறையவில்லை. சுருங்கிய துணியில் இழை நெருங்குவதுபோல அது இறுகியிருந்தது. தச்சர் வண்டியின் ஏர்க்காலை வளைத்து இறக்கிக் கொடுத்தார், மனைவி வார்களை வெட்டி மறுபடி தைத்தார்.

வலி கண்ட நாளில் பாலத்தின் கைப்பிடி தெரியாத மழை. அக்கரையில் மருத்துவச்சி குடையைச் சாய்த்துக் குதிரையைப் பார்த்தார். "ஏம்பா, இது மேல நான் போகணுமா, என் மேல இது வரணுமா?" வண்டி முன்பக்கம் சரிந்திருந்ததால் வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துத் திட்டிக்கொண்டே வந்தார். வந்து கால் மணி நேரத்தில் பெண் பிறந்தது. சுற்றக் கொண்டுவந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் தாய் கேட்ட முதல் கேள்வி, "அத நனைச்சாச்சா?"

இருபத்திரண்டு மழைக்காலம் அந்தக் குதிரை ஓடியது. முடிதிருத்துபவரின் கல்யாணத்துக்கும் அதுதான் போனது. வண்டிக்காரர் இறந்தபோது மூன்று நாள் விடாமல் பெய்தது, குதிரை வாசலில் நனைந்தபடியே நின்றது. நான்காம் நாள் மனைவி நாடாவை எடுத்து அளந்தார். முப்பத்தெட்டு. பிறகு மகளைக் கூப்பிட்டுத் தன்னையும் நிலையில் நிறுத்தி அளக்கச் சொன்னார். முன்பு அளந்து வைத்திருந்ததைவிட இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. மறுநாளும் அளந்தார்கள், அதற்கு மறுநாளும். கோடு நகரவில்லை.

"சரி, இனிமே சுருங்காது," என்று சொல்லி, புடவைக் கரையை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துக்கொண்டு, வண்டி பூட்டப் போனார்.